வெயிலூரில் சூடேறாத லாரி

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மீண்டும் லிங்கம் வைத்துப் பூஜை தொடங்கியதோடு அந்தக் கடைசி உருப்படி செல்லாமல் போயிற்று. காலியான அந்த இடத்தை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எங்கள் லாரி நிரப்பியது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டிக் காயும் வேலூரில் சூடேறாத எஞ்சினோடு ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தோம். அது ஒரு கோளாறு என்பதே எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

வண்டி ஆறு சக்கர லாரி. கணினிப் பெட்டி எதுவும் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வைத்த எஞ்சின். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்கியிருந்தோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் சரக்கேற்றி, ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூரில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கிடைத்தால் தக்காளியோ கோசோ ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் நேதாஜி மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டும். இந்த ஓட்டத்தில், ஒரு மலையேற்றத்தைத் தவிர, வண்டியின் ஹீட் மீட்டர் முள் முதல் கோட்டுக்கு மேல் எழுவதே அபூர்வம். எங்கள் ஓட்டுநர் பள்ளிகொண்டாக்காரர், என் அப்பா காலத்திலிருந்து லாரி ஓட்டுகிறவர். அவருக்கு இதில் தனிப் பெருமை. "மத்தவன் வண்டியெல்லாம் கொதிக்குது, நம்ம வண்டி ஐஸ் பெட்டி மாதிரி கீது தம்பி" என்று சுங்கச்சாவடி டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்வார். நானும் தலையாட்டியிருக்கிறேன். தண்ணீர் கொதித்து நடுரோட்டில் நின்ற லாரிகளையே பார்த்து வளர்ந்தவனுக்கு, முள் கீழே கிடப்பது ஆரோக்கியத்தின் அடையாளமாகத்தான் தெரிந்தது.

நோய்க்குறிகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் தனித்தனியாக ஒரு சமாதானம் இருந்தது. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாலுக்கும் கீழே வந்தபோது டயர் தேய்மானத்தைச் சொன்னோம். காலையில் எடுக்கும்போது வெள்ளைப் புகை வந்து, அது கண்ணைக் கரித்தபடி காட்பாடி ரோடு தாண்டும்வரை அடங்காமல் இருந்ததற்கு மார்கழிப் பனியைச் சொன்னோம். எஞ்சின் சத்தம் சம்மட்டியடி போலக் கடுமையாக இருந்ததற்கு வயசைச் சொன்னோம். சமாதானம் சொல்ல முடியாத ஒன்று கடைசியில் வந்தது: ஆயில் அளவு ஏறிக்கொண்டே போயிற்று. ஓடுகிற எஞ்சினில் ஆயில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆயில் அளவு பார்க்கும் எங்கள் டிப் ஸ்டிக்கிலோ, யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலேயே, மேல் கோட்டுக்கு மேலே அரை விரல் உயரத்துக்கு ஆயில் நின்றது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் பால் அதிகமான காபியின் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது.

அந்த மூடியைப் பார்த்ததும் பட்டறையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்றார் மேஸ்திரி. புகை வெள்ளையாக வருவதும் அதற்குப் பொருந்தியது. ஹெட்டை இறக்கினால் அதோடு நிற்காது. வால்வு உட்காரும் இடம், சிலிண்டரின் உள்சுவரான லைனர், ரிங்கு என்று செலவு நீளும். இரண்டு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தேன். அந்தத் தீர்ப்பில் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் ஆயிலுக்குள் போகிறதென்றால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய வேண்டும் அல்லவா? ரேடியேட்டரோடு சேர்ந்த தண்ணீர் டேங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பத்து நாள் பார்த்தேன். கோடும் தண்ணீரும் பிரியவே இல்லை. குளிர்ந்த எஞ்சினைத் திறந்த மூடியோடு கிளப்பி முடுக்கியபோது ரேடியேட்டரில் குமிழி எழவில்லை. டிப் ஸ்டிக் நுனியில் இருந்த ஆயிலில் பால் நிறம் துளியும் இல்லை. விரலில் தேய்த்தால் நீர்த்திருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தது. ஆயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது டீசல். டீசல் அப்படிப் போக, அதைப் பீய்ச்சும் நாசில் ஒழுகலாம், டேங்கிலிருந்து அதை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் சீல் விட்டிருக்கலாம். இரண்டையும் பம்ப் கடையில் கொடுத்துப் பார்த்தோம். குறை சொல்ல எதுவும் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று, எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாக் குறிகளும் அந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறவை. டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தி எழுப்பும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கைச் சுவரே உறிஞ்சிக்கொள்கிறது. பீய்ச்சிய டீசல் உடனே பற்றாமல் ஒரு கணம் தாமதித்து, சேர்ந்தது மொத்தமும் ஒன்றாக வெடிப்பதுதான் அந்தச் சம்மட்டிச் சத்தம். பற்றாமலேயே போனது வெள்ளைப் புகையாகக் கண்ணைக் கரிக்கிறது; தண்ணீர் ஆவி அப்படிக் கரிக்காது. மிச்சம் லைனர் சுவரில் படிந்து, அங்கே காவலுக்கு இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்குகிறது. ஆயில் ஏறுவது அதனால்தான்.

மூடியின் அடியில் இருந்த காபி நிறத்துக்கும் காரணம் இதே குளிர்தான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறு என்னவாகும்? அதில் பெரும்பகுதி சைலென்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வருகிறது. ஆயில் நல்ல சூட்டில் இருந்தால் அந்த ஆவி தங்காமல் பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். சூடு இல்லாவிட்டால், விடிகாலையில் தகரக் கூரையின் அடியில் நீர் கோப்பது போல, மூடியின் அடியில் குளிர்ந்து ஆயிலோடு கலந்து அப்பிக்கொள்ளும். டீசலில் கந்தகம் இருந்தால் அதே ஈரம் அமிலமாகி லைனரை அரிக்கவும் செய்யும். நாடு முழுவதும் டீசலில் கந்தகத்தின் அளவு 2017 ஏப்ரல் முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), 2020 ஏப்ரல் முதல் 10 பிபிஎம் என்று குறைக்கப்பட்டதால் அந்த அரிப்பு முன்பு போல இல்லை. ஆனால் ஆயில் நீர்த்துப் போவதற்கும் கந்தகத்துக்கும் சம்பந்தமில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நான் சந்தேகப்பட்டதும் பட்டறையில் முதலில் செய்தது சென்சாரை மாற்றியது, பிறகு மீட்டரையே மாற்றியது. இரண்டும் வீண் செலவு. எனக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சான்று வண்டியின் முன்னாலேயே இருந்தது. ஓசூரிலிருந்து பனிக்காலத்தில் இரவில் திரும்பும்போது ஓட்டுநர் குளிருக்குப் பயந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து ரேடியேட்டர் முன்னால் செருகி வைப்பார். அட்டை இருக்கும் நாளில் முள் கொஞ்சம் எழும், எடுத்தால் படுக்கும். அட்டைக்குப் பதில் சொல்கிற மீட்டர் உயிரோடுதானே இருக்கிறது? (அட்டை செருகுவதை யாருக்கும் வழியாகச் சொல்லமாட்டேன். மலையேற்றத்தில் எடுக்க மறந்தால் கொதித்துவிடும். பாதி மூடினால் ஃபேன் இறக்கைகளில் ஒரு பக்கம் மட்டும் பாரம் விழுந்து விரிசல் காணும்.) ஒற்றை வயர் சென்சாராக இருந்தால் வயரைக் கழற்றி ஒரு நொடி எஞ்சின் உடம்பில் தொட்டால் முள் மேலே தாவும். ஐந்து ரூபாய் செலவில்லாமல் மீட்டரையும் வயரையும் சோதிக்கும் வழி இது. தண்ணீர் குறைந்து சென்சாரின் நுனி காற்றில் நின்றாலும் முள் பொய் சொல்லும் என்பதால் தண்ணீர் அளவை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் சாக்பீஸ் கோடு அதை ஏற்கெனவே சொல்லியிருந்தது.

சூட்டை நானே அளந்து பார்க்க, தூரத்திலிருந்து சூடு காட்டும் துப்பாக்கி ஒன்றை ஆஸ்பத்திரிப் பொருள் விற்கும் நண்பரிடம் கேட்டேன். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி உடம்புச் சூட்டைத் தாண்டிக் காட்டாது என்று அவர் சொல்ல, ஏசி மெக்கானிக் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். ஆம்பூர் தாண்டி நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கும் அலுமினிய மூடியில் குறிவைத்தால் 38 என்றது. கையை வைத்தால் தாங்கவில்லை. பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளியே காட்டாது, எதிரே இருப்பதன் சூட்டைத்தான் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன்: 61. ரேடியேட்டரின் மேல் வாயில் ஒட்டிய டேப்பில்: 59. நிறைந்த லோடோடு ஒன்றரை மணி நேரம் ஓடி வந்த எஞ்சின் 80க்கு மேலே இருந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த இரண்டு எண்களும் அண்ணன் தம்பி போல ஒட்டி நின்றன; எஞ்சின் சூடேறும் முன்பே தண்ணீர் தடையில்லாமல் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். சோதனைகளில் என் மனதுக்குப் பிடித்தது இதுதான். இதற்கு ஒரு கை போதும். வால்வு என்று பட்டறையில் சொல்லும் தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்தால், ஹெட் சுடத் தொடங்கி நெடுநேரம் ஆன பிறகும் அந்த ஹோஸ் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும். குறிப்பிட்ட சூடு வந்ததும் வால்வு திறந்து, ஹோஸ் ஓரிரு நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சுடும். எங்கள் ஹோஸில் அந்தத் திடீர்த் திருப்பம் வரவே இல்லை. ஹெட்டோடு கூடவே அதுவும் முதல் நிமிடத்திலிருந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் வழக்கம்போல எஞ்சினை ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். சும்மா நின்று ஓடும் டீசல் எஞ்சின் மிகக் குறைந்த சூட்டையே உண்டாக்கும், அரை மணி நேர ஐடில் ஆயிலுக்கு இன்னும் டீசலைத்தான் சேர்க்கும் என்று சொன்னால் அவர் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. சோதனைக்காக வண்டியை மெதுவாகச் சத்துவாச்சாரிவரை ஓட்டிப் பார்த்தோம், முடிவு மாறவில்லை.

ஃபேன் மீது பழி போட்டவர்களும் உண்டு. சூட்டுக்கேற்ப வேகம் மாறும் விஸ்கஸ் ஃபேன் இறுகிப்போய் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றினால் டீசல் கூடுதலாகச் செலவாகும், இரைச்சல் கேட்கும் என்பது சரிதான். ஆனால் வால்வு மூடியிருக்கும்வரை ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓட்டமே இருக்காது. ஓடாத தண்ணீரை எவ்வளவு விசிறினால்தான் என்ன? வால்வு சரியாக இருந்தால் ஃபேன் மட்டும் எஞ்சினை இந்த அளவுக்குக் குளிர வைக்க முடியாது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம். எங்களுடையது இலேசான பிடிமானத்தோடு நன்றாகவே சுற்றியது.

தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினோம். உள்ளே வால்வு கெட்டுப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கே வால்வே இல்லை. அது உட்கார வேண்டிய வளையத்தில் துரு மட்டும் ஒரு நிலா போலப் படிந்திருந்தது.

இதை ரேடியேட்டர் வேலை பார்க்கும் பாயிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு எடுத்துப் போட்டுடுவாங்க தம்பி, என்கிட்ட ஒரு டப்பா நிறைய கீது" என்றார். பழைய உடைமையாளரின் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டி கிருஷ்ணகிரி தாண்டி வரும் மேலுமலை ஏற்றத்தில் கொதித்திருக்கிறது. பாதையில் யாரோ வால்வைப் பிடுங்கியிருக்கிறார்கள். கொதித்ததற்கு உண்மையான காரணம் ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருந்த உப்புப் படிவு. பாலாற்றங்கரை போர் தண்ணீரைக் கூலண்ட் கலக்காமல் ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் டீ பாய்லருக்குள் படிவது போலப் படியத்தான் செய்யும். பிறகு பாயே அந்த ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார். பிடுங்கிய வால்வை மட்டும் யாரும் திருப்பி மாட்டவில்லை.

ஆனால் எங்களுக்கு ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. சமதரையில் ஐஸாக இருக்கும் இதே வண்டி, கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏறும்போது மட்டும் முள்ளைச் சரசரவென்று சிவப்பை நோக்கித் தள்ளும். அதனால்தான் ஓட்டுநர் "ஜில்லுனு போனாத்தான் தம்பி மலை தாங்கும்" என்று வாதாடுவார். வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். அந்த உயரத்தை லோடோடு ஏற வேண்டியிருக்கிறது என்பதால் அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகவே பட்டது. காலியான அந்தக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. வால்வின் அடியில் இன்னொரு சிறு தட்டு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பும் குறுக்கு வழி ஒன்று அடியில் இருக்கிறது; வால்வு முழுதாகத் திறக்கும்போது அந்தத் தட்டு கீழிறங்கிக் குறுக்கு வழியை அடைத்து, தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். வால்வைப் பிடுங்கினால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். சமதரையில் ரேடியேட்டருக்குப் போகும் பங்கே எஞ்சினைக் குளிர வைத்துவிடும். ஏற்றத்தில், தண்ணீர் மொத்தமும் ரேடியேட்டருக்குத் தேவைப்படும் நேரத்தில், ஒரு பங்கு ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பி வரும். மலையில் கொதிக்கக்கூடாது என்று எதைப் பிடுங்கினார்களோ, அது இல்லாததால்தான் மலையில் சூடேறியது.

உதிரிப் பாகக் கடையில் பையன் 71 டிகிரி வால்வை எடுத்து வைத்து, "நம்ம ஊருக்கு இதான் அண்ணா போகுது" என்றான். எஞ்சின் கையேட்டில் சொல்லியிருந்தது 82. வெயில் எவ்வளவு அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய சூடு மாறுவதில்லை என்று அவனிடம் வாதாடாமல், 82 என்று முத்திரை குத்தியதைக் கேட்டு வாங்கினேன். புதியதையும் நம்பக்கூடாது என்பதால் வீட்டில் அடுப்பில் சோதித்தேன். வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. வால்வுக்குள் இருக்கும் மெழுகு உருகிப் பெருத்துத் தண்டைத் தள்ளும்போது பிடி தளர்ந்து வால்வு நூலிலிருந்து நழுவி விழும். விழுந்தபோது வெப்பமானி 83 காட்டியது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது வால்வு சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. "லாரி சாமானுக்கு ரசம் வைக்கிற பாத்திரம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்று கேட்ட என் மனைவி, விழும் கணத்தை மட்டும் இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

மாட்டுவதில் இரண்டு கவனம். மெழுகுக் குமிழ் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். தட்டின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி மேலே வரவேண்டும். தண்ணீர் நிரப்பும்போது அடைபட்ட காற்று வெளியேறும் வழி அதுதான். துரு வளையத்தை நன்றாகச் சுரண்டிவிட்டுப் புதிய பேக்கிங் போட்டோம், ஏனென்றால் வால்வு சரியாக மூடினாலும் விளிம்பில் ஒழுகினால் பலனில்லை. போர் தண்ணீருக்குப் பதிலாகச் சுத்திகரித்த தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. அன்றிரவு நானும் உடன் போனேன். மாதனூர் வருவதற்குள் முள் எழுந்து நடுவில் நின்றது. கறுப்பு டேப்பில் 85. மேலுமலையில் 93 வரை போய், சூளகிரி தாண்டியதும் தானாக இறங்கியது. ஓட்டுநர் வழிநெடுக அந்த முள்ளையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி இப்போது ஓடும் பிஎஸ்6 வண்டிகளில் இந்த நோய் இவ்வளவு நாள் ஒளிந்திருக்காது. புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் டிபிஎஃப், எஞ்சின் போதிய சூடு கண்டால்தான் அந்த எரிப்பைத் தொடங்கும். சூடு வராவிட்டால் கரி அடைந்து விளக்கு எரிந்து வண்டியே இழுக்க மறுக்கும். டிப்பர் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அப்படி ஆனபோது ஸ்கேனரில் எஸ்பிஎன் 110 என்று வந்தது. கூலண்ட் சூட்டுக்கான எண் அது. எண்ணைப் பார்த்தவுடன் அவருக்கும் சென்சாரைத்தான் மாற்றிக் கொடுத்தார்கள். விடிகாலையில் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் வண்டியில் நீர்த்துப்போன ஆயிலை உடனே வடித்தோம். அது ஆயில் போல இழைந்து விழாமல் தண்ணீர் போல ஓசையோடு விழுந்தது. புது ஆயிலையும் பாதித் தவணையிலேயே மாற்றினோம், உள்ளே ஒட்டியிருப்பதைக் கழுவட்டும் என்று. அடுத்த முறை ஊற்றியதை மேல் கோட்டுக்குச் சரியாக நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துவைத்தேன். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த பிறகு, மார்க்கெட்டில் கோசு இறங்கிக்கொண்டிருக்கும்போது, டிப் ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மேல் கோட்டுக்குக் கீழே ஒரு நெல் நீளத்துக்கு ஆயில் குறைந்திருந்தது. ஓட்டுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொறைஞ்சிருக்கு தம்பி, ஊத்தணும்" என்றார் கவலையாக. எனக்கோ அது குறைந்திருந்ததில் அப்படியொரு சந்தோஷம்.